தங்கம் விரியும், உப்பு உதிரும், கருங்கல் பிளக்கும்: ஏன்?

மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய நகைப் பட்டறைகளில் பத்தர் பட்டடைமேல் தங்கத்தை வைத்துத் தட்டுகிறார். தட்டத் தட்டத் தங்கம் விரிந்து தகடாகிறது. மேலூர்ப் பக்கம் கல் உடைப்பவர் சம்மட்டியை ஓங்கி இறக்குகிறார். பாறை விரிவதில்லை, பிளக்கிறது. வீட்டில் ஒரு கல் உப்பை எடுத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினால் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. மூன்றுக்கும் விழுவது அடிதான். விளைவு மட்டும் ஏன் மூன்று விதமாக இருக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் வரும் வேதிப்பிணைப்புப் பாடம் இந்தக் கேள்விக்கான பதில்தான். ஆனால் தேர்வு அவசரத்தில் பிணைப்புகளின் பெயர்களும் ஒரு வேறுபாட்டு அட்டவணையும் மட்டுமே மனத்தில் தங்குகின்றன. அணுக்கள் எதனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன என்பது ஒன்று. எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பொருள் அடிக்கும் சூட்டுக்கும் தண்ணீருக்கும் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். நாம் பெரும்பாலும் கோட்டைவிடுவது இரண்டாவதை.

எந்தப் பிணைப்பாக இருந்தாலும் அடியில் இருப்பது மின் ஈர்ப்பு. அணுவின் நடுவில் நேர்மின் கொண்ட உட்கரு, அதைச் சுற்றி எதிர்மின் கொண்ட எலக்ட்ரான்கள். இரண்டு அணுக்கள் நெருங்கும்போது ஒன்றின் உட்கரு மற்றதன் எலக்ட்ரான்களையும் இழுக்கிறது. அதே நேரத்தில் உட்கருக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, எலக்ட்ரான்களும் தள்ளுகின்றன. இழுப்பும் தள்ளுதலும் சமன்பட்டு, மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் தூரத்தில் அணுக்கள் நிலைகொள்கின்றன. அப்படி நிலைகொள்வதுதான் பிணைப்பு.

இதிலிருந்து ஒன்று நேரடியாகப் புலப்படும். பிணைப்பு உண்டாகும்போது ஆற்றல் வெளிவரும், பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும் என்று நினைக்கிறார்கள். விறகு எரியும்போது பழைய பிணைப்புகளை உடைக்க ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் புதிய பிணைப்புகள் அமையும்போது அதைவிட அதிகம் கிடைக்கிறது. அடுப்பின் சூடு அந்த மிச்சம்.

உப்பின் கணக்கு

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். அவை உட்கருவைச் சுற்றிய கூடுகளில் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. குளோரினில் 17, அதாவது 2, 8, 7. கடைசிக் கூட்டில் எட்டு இருந்தால் அணு நிலையாக இருக்கும் என்ற எண்ம விதியை 1916இல் அமெரிக்காவின் லூயிஸும் ஜெர்மனியின் கோசலும் தனித்தனியே வகுத்த கருத்துகளிலிருந்து பெற்றோம். அதன்படி சோடியம் ஒன்றைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் ஒன்றை வாங்க விரும்புகிறது என்று சொல்லித்தருவது வழக்கம்.

நினைவில் வைக்க அது உதவும். ஆனால் காரணம் அது இல்லை. சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் பெரிய அலகு) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பறிக்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல்தான். எலக்ட்ரான் கைமாறுவதோடு கதை முடிந்தால் நட்டம். ஆதாயம் அதற்குப் பிறகு வருகிறது. எலக்ட்ரானை இழந்து நேர்மின் கொண்ட சோடியம் அயனிகளும் அதை ஏற்று எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கிப் படிகமாகும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. உலோகச் சோடியத்தை ஆவியாக்கவும், குளோரின் மூலக்கூறைப் பிரிக்கவும் ஆகும் செலவைக் கழித்த பின்னும் 400 கிலோஜூலுக்கு மேல் மிஞ்சுகிறது. உப்பை உண்டாக்குவது ஒற்றை அணுவின் விருப்பம் அன்று, கோடானுகோடி அயனிகள் சேர்ந்து நிற்கும் அடுக்கு.

அந்த அடுக்கை 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிந்தவர் லாரன்ஸ் பிராக். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியங்கள். இதில் எந்தச் சோடியத்துக்கும் 'இதுதான் என் குளோரின்' என்று ஒன்று கிடையாது. உப்புப் படிகத்துக்குள் மூலக்கூறு என்று ஒன்று இல்லவே இல்லை. NaCl என்று நாம் எழுதுவது இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே காட்டுகிறது. அக்காலத்து வேதியியலாளர்கள் சிலருக்கு இதை ஜீரணிக்கவே முடியவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927இல்கூட நேச்சர் இதழுக்கு எழுதி, உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று கோபப்பட்டார். பிராக் தம் தந்தையுடன் 1915ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 25.

இப்போது குழவிக்கு வருவோம். அடி விழுந்ததும் படிகத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் கொஞ்சம் நகர்கிறது. ஓர் அயனி அளவு நகர்ந்தாலே போதும். நேர்மின்னுக்கு எதிரே நேர்மின்னும், எதிர்மின்னுக்கு எதிரே எதிர்மின்னும் வந்துவிடும். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த அதே விசை இப்போது தள்ளிவிடுகிறது, படிகம் அந்தத் தளத்தில் பிரிகிறது. நொறுங்கிய உப்பை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். பல துண்டுகளில் தட்டையான முகங்களும் செங்கோண மூலைகளும் தெரியும். அயனிகள் அடுக்கப்பட்ட ஒழுங்கைத்தான் அந்த மூலைகளில் பார்க்கிறீர்கள்.

உப்பு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதற்கும் காரணம் அந்த அடுக்குதான். திண்ம உப்பில் அயனிகள் இடம்விட்டு நகர முடியாததால் அது மின்சாரத்தைக் கடத்தாது. உருக்கினாலோ தண்ணீரில் கரைத்தாலோ அயனிகள் நடமாடத் தொடங்கும், மின்சாரமும் பாயும்.

தங்கம் ஏன் பிளப்பதில்லை

உலோகத்தில் கதை வேறு. ஒவ்வோர் அணுவும் தன் வெளி எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாக நிற்கிறது. விடுபட்ட எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச்சொத்து இல்லை. ஊர்க் கண்மாய்த் தண்ணீர் எப்படி ஒரு வயலுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஆயக்கட்டு முழுவதற்கும் பொதுவாக இருக்கிறதோ, அப்படி அந்த எலக்ட்ரான்கள் படிகம் முழுவதற்கும் பொது. நேர்மின் அயனிகளுக்கும் இந்தப் பொது எலக்ட்ரான்களுக்கும் இடையிலான ஈர்ப்பே உலோகப் பிணைப்பு.

பத்தரின் சுத்தியல் விழும்போது இங்கும் அடுக்கு நகர்கிறது. ஆனால் நகர்ந்த பிறகும் ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் அதே எலக்ட்ரான் திரள் இருக்கிறது. தள்ளிவிடும் எதிரி யாரும் எதிரே வந்து நிற்பதில்லை. பிணைப்பு அறாமல் வடிவம் மட்டும் மாறுகிறது. ஒரு கிராம் தங்கத்தை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தாளாக அடிக்க முடிவது இதனால்தான். மின்சாரத்தையும் வெப்பத்தையும் உலோகங்கள் நன்றாகக் கடத்துவதும் அந்தப் பொது எலக்ட்ரான்களால்.

பட்டறையில் கொஞ்ச நேரம் கவனித்தால் பாடப்புத்தகம் தொடாத ஒன்றும் தெரியவரும். தட்டிக்கொண்டே போனால் தங்கம் இறுகிவிடும். அதற்குமேல் தட்டினால் ஓரத்தில் வெடிப்பு விழும். அதனால் பத்தர் அவ்வப்போது நிறுத்தி, தகட்டை நெருப்பில் சுட்டு எடுத்துவிட்டு மறுபடி தட்டுவார். நான் மேலே சொன்ன மாதிரி ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை என்பதுதான் காரணம். அணுக்களின் வரிசையில் ஆங்காங்கே பிழைகள் இருக்கும். அடி விழும்போது அந்தப் பிழைக் கோடுகள் படிகத்துக்குள் ஊர்ந்து போகின்றன, அப்படித்தான் உலோகம் வளைகிறது. அடிக்க அடிக்கப் பிழைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பிறகு அவற்றால் ஊர முடிவதில்லை. சுடும்போது அணுக்கள் அதிர்ந்து மறுபடி ஒழுங்காகின்றன, சிக்கல் அவிழ்ந்து தங்கம் இளகுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் இருக்கும் இந்த வித்தைக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் அறிவியல் விளக்கம் கிடைத்தது.

கடைக்காரர்கள் சொல்லும் 916இலும் இதே விஷயம் இருக்கிறது. 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். சுத்தத் தங்கம் நகைக்கு மிகவும் மென்மையானது. செம்பு அணு தங்க அணுவைவிடச் சிறியது, அதனால் அது உட்காரும் இடத்தில் வரிசை லேசாகக் கோணுகிறது, பிழைக் கோடுகள் அங்கே தடுக்கி நிற்கின்றன. வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவே இருப்பதால் அது செம்பு அளவுக்கு இறுக்கம் தருவதில்லை.

கருங்கல்லும் பென்சிலும்

அடுத்தது பாறை. ஒத்தக்கடை அருகே யானைமலையில் நரசிங்கம் குடைவரையை 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடைந்தார்கள். அங்கே உளி மோதிய பாறையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. குவார்ட்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு பிணைந்திருக்கின்றன. இது சகப்பிணைப்பு. ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களோடும், ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களோடும் இணைந்து, மணலளவு துகளிலும் முடிவில்லாமல் மூன்று பக்கமும் நீள்கிறது அந்தப் பின்னல். ஒரு குவார்ட்ஸ் படிகம் முழுவதையும் ஒரே ராட்சத மூலக்கூறு என்று சொன்னாலும் தவறில்லை.

சகப்பிணைப்புக்குத் திசை உண்டு. குறிப்பிட்ட கோணத்தில்தான் அணு அணுவைப் பிடிக்கும். அதனால் உலோகத்தைப் போல அடுக்குகள் சறுக்கிக்கொடுக்க முடியாது. சறுக்க வேண்டுமானால் பிணைப்பு அறுபட வேண்டும். ஓர் இடத்தில் அறுந்தால் அந்த இழுவிசை முழுவதும் விரிசலின் நுனியில் இருக்கும் அடுத்த பிணைப்பின்மேல் விழுகிறது. அது அறும், பிறகு அதற்கடுத்தது. கல் உடைப்பவர்கள் முதலில் நேர்கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, குழிகளில் ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், பெரிய பாளம் தட்டையாகப் பிரிந்து வரும். அசுர பலம் கொண்ட பிணைப்பைத் தொகுதியாக உடைக்காமல், வரிசையாக உடைக்கும் புத்தி அது.

மைக்காவை மட்டும் நகத்தால் உரித்து எடுக்கலாம். கருங்கல் துண்டில் பளபளக்கும் செதில்கள் அவைதான். அதிலும் சிலிக்கான் ஆக்சிஜன் பிணைப்புதான் இருக்கிறது. ஆனால் அது தாள்தாளாக அமைந்திருக்கிறது. தாளுக்குள் பிணைப்பு வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு குறைவு.

இதே பாடத்தை இன்னும் தெளிவாக நடத்துவது கார்பன். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களை முப்பரிமாணத்தில் பிடித்திருக்கிறது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டில் ஒவ்வொன்றும் மூன்றை மட்டும் பிடித்து, அறுகோணங்களாலான தட்டைத் தாள்களாகப் படர்ந்திருக்கிறது. தாளுக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், தாள்களுக்கு இடையே 0.335. வைரத்தில் பக்கத்து அணு இருப்பது 0.154 நானோமீட்டர் தூரத்தில். அதாவது கிராஃபைட் தாளுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட நெருக்கமானது! ஆனாலும் காகிதத்தில் தேய்த்தால் தாள்கள் வழுக்கி வந்து எழுத்தாகின்றன. பிணைப்பின் பலத்தை மட்டும் கேட்டால் இந்த மென்மைக்குப் பதில் கிடைக்காது.

கிராஃபைட்டைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்ததில் சி. வி. ராமனுடன் உழைத்தவர் என்ற அளவில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். 1930களில் அவர் படிகங்களின் காந்தப் பண்பைத் திசைதிசையாக அளந்தார். கிராஃபைட்டில் தாள்களுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருந்தால் அந்தப் புலத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு மிக அதிகம், தாள்களுக்கு இணையாக இருந்தால் மிகக் குறைவு. கார்பனின் நான்கு வெளி எலக்ட்ரான்களில் மூன்று பிணைப்புக்குப் போக, மிஞ்சும் நான்காவது எலக்ட்ரான் தாளின் பரப்பில் தாராளமாக உலவுகிறது என்பதைக் காட்டும் நுட்பமான அளவீடு அது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துவதும் அந்த எலக்ட்ரானால்தான்.

தண்ணீர், சோறு, சுங்கடி

'சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு' என்று வேறுபாட்டு அட்டவணையில் ஒரு வரி இருக்கும். குவார்ட்ஸ் உருக சுமார் 1,700 டிகிரி வேண்டும், வைரத்துக்கு அதைவிட மிக அதிகம். அப்படியானால் அந்த வரி எதைச் சொல்கிறது? தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் சேர்மங்களை மட்டும். தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு உடைவதில்லை. ஆவியும் அதே H₂O தான். ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைவிட்டு விலகுகிறது, அவ்வளவே. சகப்பிணைப்பு வலுவற்றது என்று அட்டவணையைப் படித்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

தண்ணீரின் மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் பிடிப்பும் அப்படி ஒன்றும் அற்பமில்லை. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின் ஏற்படுகிறது. அது பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஏறக்குறைய அதே எடை கொண்ட மீத்தேன் -161 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டியிருக்கிறது. வித்தியாசம் முழுக்க இந்தப் பிடியின் வேலை. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் இரவு முழுக்க ஊறி உப்புவதும் இதனால்தான். பிசின், சர்க்கரை அலகுகள் கோத்த மிக நீண்ட சங்கிலிகளால் ஆனது. சங்கிலி நெடுக இருக்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

சோற்றையும் சுங்கடிச் சேலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோற்றின் ஸ்டார்ச்சும் பருத்தியின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் அலகைக் கோத்து உண்டானவை. ஸ்டார்ச்சில் அலகுகள் ஒரே முகமாகக் கோக்கப்பட்டு, சங்கிலி சுருள்கிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, இழையாகின்றன. நம் செரிமானப் பாதையில் இருக்கும் நொதி முதல் வகை இணைப்பை வெட்டும், இரண்டாவதை வெட்டாது. ஒன்று உணவு, மற்றது உடை. சேலைமேல் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் மடிப்பு போவதும் இதே ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரால் தளர்ந்து, சூட்டில் தண்ணீர் போனதும் புது நிலையில் மறுபடி சேர்வதால்.

கடைசியாக ஒரு சாலை

திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடும் முறையை உருவாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதுவரை பார்த்த எல்லாம் அந்த முறைக்குள் ஒன்றாகச் சேர்கின்றன.

தார் சாலைக்கு மழைதான் பகை. கல்லின் பரப்பில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கேட்டுகள் இருக்கின்றன, அவை தண்ணீரை விரும்பி ஈர்ப்பவை. தார் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களால் ஆனது, கல்லோடு அதற்கு அவ்வளவு ஒட்டுறவு இல்லை. தண்ணீர் இடையில் நுழைந்து தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிடும், சாலையில் குழி விழும். வாசுதேவன் முறையில் முதலில் ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். துண்டாக்கிய பாலித்தீன் பைகளை அதன்மேல் தூவுகிறார்கள். பாலித்தீன் சங்கிலிக்குள் கார்பனும் கார்பனும் சகப்பிணைப்பால் இணைந்திருக்கின்றன, அந்தச் சூட்டில் அது அறுவதில்லை. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே இருப்பது மெல்லிய ஈர்ப்பு மட்டுமே, அது தளர்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் இளகி ஜல்லியின்மேல் படலமாகப் படர்கிறது. பிறகு தாரைக் கலக்கிறார்கள். பாலித்தீனும் ஹைட்ரோகார்பன்தான், தாரும் ஹைட்ரோகார்பன்தான். இரண்டும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன, தண்ணீருக்கு நுழைய இடம் கிடைப்பதில்லை.

இந்த முறையில் பிவிசி குழாய்த் துண்டுகளைச் சேர்க்கக் கூடாது. அதன் சங்கிலியில் கார்பனோடு குளோரினும் இணைந்திருக்கிறது. சூடாக்கினால் சங்கிலிகள் விலகுவதோடு நிற்காமல் அந்தக் குளோரின் பிணைப்பும் அறுபட்டு, நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.